இறங்கத் தெரிந்தவர்கள்

அரபிக் கடலில், கேரளக் கரையிலிருந்து 220 முதல் 440 கிலோ மீட்டர் வரையிலான தொலைவில் சிதறிக் கிடக்கும் பவழத் தீவுகளின் கூட்டமே இலட்சத்தீவு. பெயரில்தான் இலட்சம், எண்ணினால் 36 தீவுகள். அவற்றிலும் மக்கள் வாழ்வன பத்தே பத்து. அனைத்தின் நிலப்பரப்பையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஏறத்தாழ 32 சதுர கிலோ மீட்டரே தேறும். 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 64 ஆயிரத்துச் சொச்சம். அவர்களுள் நூற்றுக்கு 96 பேருக்கு மேல் முஸ்லிம்கள். ஹஸ்ரத் உபைதுல்லாஹ் (ரலி) என்னும் பெரியார் ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் இத்தீவுகளுக்கு வந்து தீனின் ஒளியை ஏற்றினார்கள் என்பது தீவு மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அவர்களது அடக்கத்தலம் ஆந்த்ரோத் தீவில் இருக்கிறது.

நம் கடலோர ஊர்களுக்கும் இத்தீவுகளுக்கும் அடுப்பங்கரை வழியாகவும் ஓர் உறவு உண்டு. நம் இல்லங்களில் சம்பலுக்கு இடிக்கும் மாசி, மினிக்காய் தீவிலும் அதற்குத் தெற்கேயுள்ள மாலத்தீவிலும் சூரை மீனை அவித்து, புகையிட்டு, வெயிலில் உலர்த்திச் செய்யப்படுவதாகும்.

இத்தீவுகளுக்குச் சென்று வரும் வாய்ப்பு, மழைக்காலம் ஓய்ந்து கடல் அடங்கியிருந்த ஒரு பருவத்தில் எங்களுக்குக் கிட்டியது. வெளியார் எவரும் அனுமதிச் சீட்டின்றி அங்குக் கால் வைக்க இயலாது. அச்சீட்டைப் பெற்று, நானும் என் தமக்கையின் மகனும் கொச்சியில் கப்பலேறினோம். அழகைக் காண்பது மட்டும் எங்கள் நோக்கமன்று. தமக்கை மகனின் மனத்தில் ஓர் எண்ணம் வேரூன்றியிருந்தது. அதற்கு விடை தேடவே இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தோம்.

ஓர் எண்ணம்

அவருக்கு வயது 31. பொறியியல் பட்டயம் பெற்று, வளைகுடாவில் கடலுக்குள் நிற்கும் எண்ணெய் மேடைகளில் கருவிகளைப் பராமரிக்கும் பணியில் எட்டு ஆண்டுகள் இருந்தவர். மனைவியும் இரு பிள்ளைகளும் உண்டு. கரையிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து கரைக்கும் ஹெலிகாப்டரில் சென்று வந்தவர், ஒரு விடுமுறையில் வந்து, "மாமா, நான் வேலையை விட்டுவிட்டு ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

தமக்கை கேட்ட மாத்திரத்தில் அழுதுவிட்டார். மச்சானோ, "நிலத்தில் கிடைக்காத ரிஸ்க்கா வானத்தில் கிடைக்கப் போகிறது?" என்று முகம் திருப்பிக்கொண்டார். ரிஸ்க் என்றால் அரபியில் அல்லாஹ் அளக்கும் வாழ்வாதாரம். ஆங்கிலத்தில் அதே ஓசையில் ஆபத்து. எங்கள் வீட்டு விவாதம் இவ்விரு பொருள்களுக்கும் நடுவே பல நாட்கள் ஊசலாடியது.

மஷூரா செய்து முடிவெடுப்பது நம் வழக்கம். ஆனால் அறியாத தொழிலைப் பற்றி அறியாதவர்கள் கூடி ஆலோசித்து என்ன பயன்? அத்தொழில் நாள்தோறும் நடக்கும் இடத்தைக் கண்ணால் கண்டு, அதைச் செய்வோரிடமே கேட்போம் என்று முடிவு செய்தோம். ஹெலிகாப்டர் என்பது செல்வந்தரின் ஆடம்பரமாக இல்லாமல், ஏழை எளியவர்களின் அவசரத் தேவையாக விளங்கும் இடம் இலட்சத்தீவு. ஆகவே அங்கே சென்றோம்.

கவரத்தித் தீவில்

1964-ஆம் ஆண்டு முதல் இத்தீவுகளின் தலைநகராக இருப்பது கவரத்தி. கொச்சியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோ மீட்டர். ஓர் இரவு முழுதும் கடலில் கழித்து மறுநாள் கரை கண்டோம். மேற்கே பவழத் திட்டு அலைகளைத் தடுத்து நிற்க, அதற்குள் குளம்போல் அமைதியாகக் கிடக்கிறது உப்பங்கழி. கரையெங்கும் தென்னை. தெருவுக்குத் தெரு பள்ளிவாசல். உஜ்ரா பள்ளிவாசலின் மரக் கூரையில் உள்ள வேலைப்பாட்டை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். உளி பிடித்த கைகளின் பொறுமை அதில் தெரிகிறது. அங்கே லுஹர் தொழுதோம்.

தீவு வாழ்க்கையின் இனிமையைப் பேசுவோர் அதன் கடினத்தையும் பேச வேண்டும். மே மாதத்தின் நடுவிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்று இக்கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. கப்பல்களின் வரவு குறைகிறது. சிறு படகுகள் கரையேற்றப்படுகின்றன. கவரத்தியிலும் அகத்தியிலும் மினிக்காயிலும் மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆயினும் பெரிய அறுவைச் சிகிச்சைக்கும், சிக்கலான பிரசவத்துக்கும், மாரடைப்புக்கும் கொச்சியை நாட வேண்டிய நிலை வரும்போது, ஒரு தாய்க்கும் மருத்துவருக்கும் இடையே கிடப்பது நானூறு கிலோ மீட்டர் கடல்!

விமானம் இறங்கும் ஓடுபாதை இந்தப் பத்துத் தீவுகளிலும் அகத்தி ஒன்றில்தான் உண்டு. அங்கே 1988-ஆம் ஆண்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. ஓடுபாதையின் நீளம் 1,200 மீட்டர் அளவே. இரு புறமும் கடல். மற்றத் தீவுகளுக்கு வானிலிருந்து வர வேண்டுமாயின், ஓடுபாதை கேளாமல், ஒரு பந்தாட்டத் திடலளவு இடத்தில் செங்குத்தாக இறங்கும் ஊர்தியே வேண்டும். 1985-ஆம் ஆண்டு அரசு நிறுவிய பவன் ஹன்ஸ் நிறுவனத்தின் இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டர்கள் நெடுங்காலமாக இத்தீவுகளுக்கிடையே பயணிகளையும் நோயாளிகளையும் சுமந்து வந்துள்ளன.

கை இரண்டும் கால் இரண்டும்

கவரத்தியிலிருந்து அகத்திக்கு அத்தகைய ஒன்றில் எங்களுக்கு இடம் கிடைத்தது. பெட்டியை நிறுத்துப் பார்ப்பதோடு நில்லாமல், பயணியையும் தராசில் ஏற்றினார்கள். ஹெலிகாப்டரில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. வெயில் ஏறினால் காற்று மெலிகிறது. காற்று மெலிந்தால் தூக்கும் வலு குறைகிறது. உயிர் காக்கும் சட்டையை அணிவித்து, கடலில் இறங்க நேர்ந்தால் செய்ய வேண்டுவனவற்றை விளக்கினார்கள்.

தூசியும் இரைச்சலும் எழ, பயணத் துஆவை ஓதி முடிப்பதற்குள் தரை எங்கள் காலடியிலிருந்து நழுவிவிட்டது. முன்னால் அமர்ந்திருந்த இரு ஓட்டிகளின் கைகளையே என் தமக்கை மகன் பார்த்துக்கொண்டிருந்தார். இடக்கை நெம்புகோல் ஊர்தியை ஏற்றவும் இறக்கவும். வலக்கைத் தண்டு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் செலுத்தவும். கால் மிதிகள் மூக்கைத் திருப்பவும். ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் ஈடு செய்தாக வேண்டும். கீழே இளம்பச்சை உப்பங்கழி முடிந்து, கருநீல ஆழ்கடல் தொடங்கியது. ஐம்பது கிலோ மீட்டருக்குச் சற்றே மிகுந்த தூரம். கால் மணிக்குச் சற்று மேல். அகத்தியின் நீண்ட ஒடுங்கிய உருவம் கண்ணில் பட்டது.

அகத்தியில், முன்னர்க் கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருடன் உரையாடும் பேறு கிடைத்தது. எங்கள் நோக்கத்தைச் சொன்னதும் சிரித்தார். "தம்பி, ஏறுவதை யாருக்கும் கற்றுக் கொடுக்கலாம். இத்தொழிலின் கல்வி முழுவதும் இறங்குவதில்தான் இருக்கிறது" என்றார்.

எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் கல்லைப் போல் விழும் என்று பலரும் நினைக்கிறார்கள். அவ்வாறன்று. எஞ்சின் நின்ற கணமே ஓட்டி இடக்கை நெம்புகோலைத் தாழ்த்திவிட வேண்டும். அப்போது கீழிருந்து மேல்நோக்கி வீசும் காற்றே இறக்கைகளைச் சுழற்றிக்கொண்டிருக்கும். குழந்தை காகிதக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடும்போது அது சுழல்வதைப்போல. தரையை நெருங்குகையில் அச்சுழற்சியில் சேர்ந்திருக்கும் வலுவைப் பயன்படுத்தி மெல்ல இறங்கலாம். ஆனால் தாழ்த்த வேண்டிய கணம் தவறினால் இறக்கைகள் வேகமிழந்துவிடும். பிறகு கை கொடுக்க எதுவுமில்லை. பயிற்சிக் காலத்தில் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள்.

இதைக் கேட்டபோது ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் நினைவுக்கு வந்தார். சிறகுகள் பூட்டிப் பறக்க முயன்ற அவ்வறிஞர், சற்றுத் தூரம் பறந்தார் என்றும், வால் அமைக்க மறந்ததால் இறங்குகையில் அடிபட்டார் என்றும் அல்-மக்கரீ எழுதியிருக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் பாடம் ஒன்றே.

உரிமம் பெறும் வழி

வணிக ஹெலிகாப்டர் ஓட்டி ஆவதற்கான வழியை அப்பெரியவர் படிப்படியாக விளக்கினார்.

வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். 12-ஆம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், அல்லது அதற்கு ஈடான கல்வியும் நம் நாட்டில் நெடுங்காலமாகக் கேட்கப்படுவன. விமானப் போக்குவரத்து விதிகள், திசையும் தூரமும் கணிக்கும் கலை, வானிலையியல், தொழில்நுட்பம் ஆகியவற்றில் தேர்வுகள் உண்டு. வானொலியில் பேசுவதற்குத் தனி உரிமம் உண்டு. ஹெலிகாப்டரில் குறைந்தது 150 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். சாதாரண விமானத்துக்கு இது 200 மணி.

இவை அனைத்துக்கும் முன்னே நிற்பது உடற்தகுதி. கண், காது, இதயம், நிறம் பிரித்தறியும் திறன் யாவும் சோதிக்கப்படும். முதலில் இரண்டாம் வகுப்புச் சான்று, பிறகு முதல் வகுப்புச் சான்று. பெங்களூரிலுள்ள வான்வெளி மருத்துவ நிலையம் இச்சோதனை நடைபெறும் இடங்களுள் ஒன்று. கண்ணாடி அணிவதனால் மட்டும் ஒருவர் தள்ளப்படுவதில்லை. ஆனால் இச்சான்றைக் காலந்தோறும் புதுப்பித்தாக வேண்டும். ஒருநாள் இதயம் சற்றுத் தாளம் தவறினால் உரிமம் பெட்டிக்குள் போய்விடும். "ஆகவே, கட்டணம் கட்டிவிட்டு மருத்துவரிடம் போகாதீர்கள், மருத்துவரிடம் போய்விட்டுக் கட்டணத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்றார் அவர்.

"31 வயது மிகுதியோ?" என்று கேட்டார் தமக்கை மகன். அதற்கு அவர் சொன்ன செய்தி எங்களை வியக்க வைத்தது. இகோர் சிகோர்ஸ்கி ருஷ்யாவிலிருந்து 1919-ஆம் ஆண்டு அமெரிக்காவுக்கு வந்திறங்கி, முதலில் கணிதம் கற்பித்துப் பிழைத்தவர். 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று தாம் அமைத்த ஹெலிகாப்டரைத் தாமே தரையிலிருந்து எழுப்பியபோது அவருக்கு வயது 50. "வயது தடையன்று, வயதோடு வந்து சேர்ந்த பொறுப்புகள்தாம் கணக்கில் வர வேண்டும்" என்றார்.

உரிமம் பெற்ற மறுநாளே வேலை காத்திருக்கும் என்று எண்ணுவோருக்கு ஓர் எச்சரிக்கையும் தந்தார். இந்தியாவில் ஹெலிகாப்டர் ஓட்டும் பணிகளில் பெரும்பாலானவை மும்பைக்கு அப்பாலுள்ள கடல் எண்ணெய் மேடைகளுக்கும், கேதார்நாத் போன்ற மலைத் தலங்களுக்கும், மாநில அரசுகளுக்கும் உரியவை. அங்கெல்லாம் படைகளிலிருந்து ஓய்வு பெற்று, ஆயிரக்கணக்கான மணிகள் பறந்தவர்களே முன்வரிசையில் நிற்கிறார்கள். 150 மணியோடு போய் நிற்பவர் பின்வரிசையில்தான் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பயில்வோர் பலர், ஆசிரியர் உரிமமும் பெற்று, பிறருக்குக் கற்பித்தே 1,000 மணியளவு சேர்த்து, அதன் பின்னரே நல்ல வேலையில் அமர்கிறார்கள். வருவாயற்ற அல்லது வருவாய் குறைந்த ஆண்டுகளைத் தாங்கும் வலு இருக்கிறதா என்பதே உண்மையான நுழைவுத் தேர்வு.

வீட்டுக் கணக்கு

இங்கே நம் இல்லங்களுக்கே உரிய ஒரு கேள்வி எழுகிறது. சாதாரணப் பயிற்சி விமானத்தைவிட ஹெலிகாப்டரின் ஒரு மணி நேரச் செலவு மிகுதி. 150 மணிக்குப் பல பத்து இலட்சம் ரூபாய் தேவை. வங்கிகள் கல்விக் கடன் தரக் காத்திருக்கின்றன, வட்டியோடு. வட்டி நமக்கு ஹராம். அது ஒருபுறமிருக்க, வேலை கிடைக்கும் நாள் உறுதியில்லாத தொழிலுக்கு மாதந்தவறாமல் வளரும் கடனை வாங்குவது, எஞ்சின் நின்ற பிறகும் நெம்புகோலைத் தாழ்த்தாமலிருப்பதற்கு ஒப்பாகும்.

அவரிடம் எட்டு ஆண்டுச் சேமிப்பு இருந்தது. அது பாதிக்கே போதும். மீதிக்கு மனைவியின் நகைகளை விற்கலாம் என்பது அவர் எண்ணம். மஹரும் நகையும் பெண்ணுக்கே உரிய உடைமை. அவள் மனமுவந்து தந்தாலன்றிக் கணவன் அதைத் தொடலாகாது. அந்தப் பெண்ணிடம் நான் கேட்டபோது, "மாமா, நகையைத் தருவதில் எனக்கு வருத்தமில்லை. அல்லாஹ் நாடினால் மீண்டும் வாங்கலாம். ஆனால் இவர்கள் படிக்கும் இரண்டு மூன்று ஆண்டும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு என்ன வழி என்பதை மட்டும் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்" என்றாள். கடற்படைப் பெரியவர் சொன்னதையே, கடலைக் காணாத இப்பெண் தன் மொழியில் முன்பே சொல்லிவிட்டாள்!

"இன்று பறக்க இயலாது"

தமக்கையின் அச்சத்தையும் நான் மறைக்காமல் கேட்டேன். அவர் அதற்கும் மழுப்பாமல் விடை சொன்னார். 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் எண்ணெய் வயலுக்குச் சென்ற ஹெலிகாப்டர் ஒன்று மும்பைக் கடலில் விழுந்து எழுவர் மாண்டனர். கேதார்நாத் வழித்தடத்தில் 2022 அக்டோபரிலும், 2025 ஜூனிலும் எழுவர் எழுவராக உயிரிழந்தனர். நம் குன்னூர் மலைச்சரிவில் 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற படை ஹெலிகாப்டர் விழுந்ததை மறந்திருக்க மாட்டோம். வானிலை எதிர்பாராமல் மாற, ஊர்தி மேகத்துக்குள் புகுந்து, ஓட்டி திசையுணர்வு இழந்ததே காரணம் என்று விசாரணைக் குழு தெரிவித்தது.

"மேகத்தினுள் புகுந்தால் மேலெது கீழெது என்று நம் உடலே பொய் சொல்லும். கருவியை மட்டுமே நம்ப வேண்டும். அதைவிட மேலானது, புகாமலே திரும்பிவிடுவது. ஆனால் திரும்பிவிடுவது எளிதென்றா நினைக்கிறீர்கள்? கீழே ஒரு தீவில் பிரசவ வேதனையில் ஒரு பெண் துடிக்கிறாள். அவள் தகப்பன் கைகூப்பி நிற்கிறான். வானமோ இருண்டு கிடக்கிறது. அப்போது ‘இன்று பறக்க இயலாது' என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். போனால் ஒரு உயிருக்குப் பதிலாக ஆறு உயிர் போகும்" என்றார்.

வேறு சில நாடுகளில் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரை ஓட்டுபவருக்கு, நோயாளி குழந்தையா முதியவரா, நிலை எவ்வளவு மோசம் என்பதையெல்லாம் சொல்லாமல் விடும் முறை உண்டு. வானிலையை மட்டும் பார்த்து அவர் ‘போகலாம்', ‘போகலாகாது' என்று முடிவெடுக்க வேண்டும். இரக்கம் கண்ணை மறைத்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைக்கக் கற்றுத்தந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழியில் வந்த நமக்கு இது புதிய பாடமன்று. தவக்குல் என்பது கண்ணை மூடிக்கொண்டு பறப்பதன்று.

தொழுகையையும் நோன்பையும் பற்றிக் கேட்போருக்காக ஒரு சொல். இத்தொழிலில் பயணங்கள் பெரும்பாலும் குறுகியவை. ஆகவே தொழுகை தரையிலேயே நிறைவேறும். நோன்பு நாட்களில் உடல் சோர்ந்து பிறர் உயிருக்குத் தீங்கு நேருமென்றால், பயணிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையைப் பற்றி உலமாக்களிடம் விளக்கம் பெறலாம்.

எடுத்த முடிவு

அகத்தியிலிருந்து கொச்சிக்கு விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் எங்களைக் கொண்டு சேர்த்தது. வழியில் அவர் ஒரு தாளில் எழுதத் தொடங்கினார். ஊர் வந்து, குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து, இஸ்திகாராவும் தொழுது, அத்தாளை நிறைவு செய்தோம்.

முதலில் மருத்துவச் சோதனை. அதில் தேறும்வரை வேறு செலவு இல்லை. அடுத்து, பணியில் இருந்துகொண்டே எழுத்துத் தேர்வுகள். அவற்றுக்கு நூலும் விடாமுயற்சியும் போதும். வேலையை விட வேண்டியதில்லை. மூன்றாவது, வீட்டுச் செலவுக்கென மூன்றாண்டுத் தொகையைத் தனியே ஒதுக்குதல்; அதைத் தொடுவதில்லை. நான்காவது, பயிற்சிக் கட்டணம் முழுவதும் வட்டியில்லாப் பணமாகச் சேரும் நாளில்தான் பணி விலகல். ஐந்தாவதாக ஒன்றை அவர் தாமே சேர்த்தார்: மேற்சொன்னவற்றுள் ஏதேனும் ஒன்று தடைப்பட்டால், கருவிகளில் பழகிய கைகளோடு ஹெலிகாப்டர் பராமரிப்புப் பொறியாளர் படிப்புக்குச் செல்வது. ஓட்டி ஏறி அமரும் முன் ‘இவ்வூர்தி பறக்கத் தகுதியுடையது' என்று கையொப்பமிடும் பொறுப்பும் உயிர் காக்கும் தொழிலே.

மச்சான் அத்தாளை இருமுறை படித்தார். "இதில் ஏறுவதைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது; மற்றதெல்லாம் இறங்குவதைப் பற்றியே இருக்கிறதே!" என்றார். பின்னர்த் தமக்கையைப் பார்த்து, "மருத்துவச் சோதனைக்குப் பெங்களூர் போகட்டும்" என்றார். தமக்கை இம்முறை அழவில்லை.

நம் இளைஞர்கள் புதிய துறைகளை நாடும்போது, ‘வேண்டாம்' என்று அடக்குவதும் முறையன்று, ‘போ' என்று தள்ளிவிடுவதும் முறையன்று. அத்தொழில் நடக்கும் மண்ணுக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். அதைச் செய்தவரிடம் பேச விடுங்கள். ஹலாலான வழியையும், தடைப்பட்டால் திரும்பி வந்து இறங்குவதற்கு ஓரிடத்தையும் சேர்த்தே திட்டமிடச் சொல்லுங்கள். கடல் நடுவே காத்திருக்கும் ஒரு நோயாளியின் கூரைக்கு மேல் நம் பிள்ளை ஒருவர் பத்திரமாக வந்திறங்கும் நாளை வல்ல அல்லாஹ் நமக்குக் காட்டுவானாக! ஆமீன்.